சி.ஆர்.பி. 18 என்றால் அன்டிபயோட்டிக் வேண்டுமா?

மாரி தொடங்கினால் என் வட்ஸ்அப்பில் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் படங்களும் தொடங்கிவிடும். "டொக்டர், சி.ஆர்.பி. கூடிட்டுது, என்ன அன்டிபயோட்டிக் குடுக்கிறது?" பிள்ளைக்கு என்ன வயது, காய்ச்சல் எப்போது வந்தது, மூச்சு எப்படி இருக்கிறது, ஒன்றும் இருக்காது. இந்த வாரம் திருகோணமலை உவர்மலைப் பையன் ஒருவனைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான்கு வயது. தடிமன், காய்ச்சல், இரண்டாம் நாள். தகப்பன் தானாகவே லாபுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சி.ஆர்.பி. 18. சாதாரண அளவு 5-க்குக் கீழ் என்பதால் 18-ஐத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். அதைப் பார்த்த பயத்தில் நேரே பார்மசி, கோ-அமொக்சிக்ளாவ் என்ற அன்டிபயோட்டிக் பாணி. என்னிடம் வந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளை வயிற்றோட்டத்தில் துவண்டிருந்தான். அந்த மருந்துக்கு வயிற்றோட்டம் புதிதல்ல.

தயவுசெய்து இதை விளங்கிக்கொள்ளுங்கள். சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்றால் ஈரல் சுரக்கும் ஒரு புரதம். பக்டீரியாவுக்கும் கூடும், வைரஸுக்கும் கூடும். எலும்பு முறிந்தால் கூடும், ஒப்பரேஷன் செய்தால் கூடும், மூட்டு வாதத்தில் கூடும், மாரடைப்பிலும் கூடும். அடினோ வைரஸ் காய்ச்சலில் 100-ஐத் தாண்டிய பிள்ளைகளும் உண்டு. 18 என்பது சாதாரணத் தடிமன் காய்ச்சலிலேயே வரக்கூடிய அளவு. "கூடியிருக்கிறது, ஆகவே பக்டீரியா, ஆகவே அன்டிபயோட்டிக்" என்ற கணக்கு எந்த இடத்திலும் சரிவராது.

மறுபக்கமும் உண்டு. அது ஏறத் தொடங்கவே ஆறு, எட்டு மணித்தியாலம் ஆகும். உச்சத்துக்கு வர இரண்டு நாள் அளவில் செல்லும். இரவு காய்ச்சல் வந்து விடியவே இரத்தம் எடுத்தால், பெரிய தொற்றிலும் குறைவாகக் காட்டலாம். அலகையும் பாருங்கள்: டெசிலீற்றருக்கு 1.8 மில்லிகிராம் என்றாலும் லீற்றருக்கு 18 என்றாலும் ஒன்றுதான். இரண்டு லாப் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பரிசோதனை? நோயாளியைப் பார்த்தபிறகும் சந்தேகம் மிஞ்சினால் அது உதவும். நெஞ்சுச்சளித் தொற்றுள்ள வளர்ந்தவர்களுக்கு பிரித்தானியாவின் 2014 வழிகாட்டி சொன்னது இதுதான்: 20-க்குக் கீழ் என்றால் வழமையாக அன்டிபயோட்டிக் வேண்டாம், 100-க்கு மேல் என்றால் கொடு, இடையில் என்றால் மருந்துத் துண்டை எழுதிக்கொடுத்து, மோசமானால் மட்டும் வாங்கச் சொல். புரோகல்சிடோனின் என்பது பக்டீரியாத் தொற்றில் கூடும் இன்னொரு புரதத்தை அளக்கும், விலை கூடிய இரத்தப் பரிசோதனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அது உச்சத்திலிருந்து 80 வீதம் இறங்கினால், அல்லது லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராமுக்குக் கீழ் வந்தால், நோயாளியும் தேறியிருந்தால் அன்டிபயோட்டிக்கை நிறுத்த யோசிப்போம். இந்த எண்களின் பெரிய உபகாரமே மருந்தைத் தவிர்ப்பதிலும் நேரத்தோடு நிறுத்துவதிலும்தான்.

நம் ஊரில் எனக்குள்ள பயம் டெங்கு. 2017-இல் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கக்கூடாது. சி.ஆர்.பி. குறைவு என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பிளேட்லெட் இறங்குவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குள், பிளேட்லெட் எண்ணிக்கையைக் காட்டும் ஃபுல் பிளட் கவுண்ட் எடுங்கள். பரசிற்றமோல் மட்டும் போதும். இபுபுரோஃபென், டைக்குளோஃபெனக் போன்ற வலி மருந்துகள் வேண்டவே வேண்டாம். தம்பலகாமத்தில் வயலுக்கு இறங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை நாங்கள் சந்தேகிப்பது அந்தப் பேச்சிலிருந்துதான்.

துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். பார்மசிக்காரத் தம்பிமாரே, நீங்களும் கொடுக்காதீர்கள். போன தடவை மிஞ்சிய பாணியையும் பிள்ளைக்குக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள். ரிப்போர்ட்டின் மூலையில் காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அல்லது எந்த வயதிலும் மூச்சு இழுத்தால், வலிப்பு வந்தால், சலம் போவது குறைந்தால், லாபில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.