தளம் போட்ட பிறகு வரும் எல்.சி.ஏ.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அலுவலகக் கட்டடம். கட்டடங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பைக் கணக்கிட்டுத் தரும் எங்களைக் கூப்பிட்டபோது இரண்டாவது மாடித் தளம் போட்டு முடித்திருந்தார்கள். "சார், லீட் சான்றிதழுக்கு எல்.சி.ஏ. ரிப்போர்ட் வேணும். ரெண்டு வாரத்துல கிடைக்குமா?" என்று கேட்டார்கள். லீட் என்பது பசுமைக் கட்டடங்களுக்குத் தரும் சான்றிதழ். ரிப்போர்ட் கிடைக்கும். ஆனால் அஸ்திவாரம் முதல் தளம் வரை 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்டில் இறுகி நிற்கிறது. கணக்கில் என்ன வந்தாலும் இனி எதை மாற்றுவது? எங்களிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்.சி.ஏ. என்றால் வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு. சுண்ணாம்புக்கல்லை வெட்டுவது, சூளையில் சுடுவது, லாரியில் ஏற்றுவது, கட்டுவது, பல ஆண்டுகள் பயன்படுத்துவது, கடைசியில் இடித்து அகற்றுவது என்று எல்லாக் கட்டங்களிலும் சுற்றுச்சூழலுக்கு ஆகும் பாதிப்பைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு. ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரங்கள் இதற்கு வழிமுறை சொல்கின்றன. லீட் நான்காம் பதிப்பில் முழுக் கட்டட மதிப்பீட்டுக்கான புள்ளிகளைப் பெற, ஒப்பீட்டுக் கட்டடத்தைவிட (அதே கட்டடத்தை வழக்கமான முறையில் கட்டினால் எப்படியிருக்கும் என்ற மாதிரி) ஆறு பாதிப்பு வகைகளில் மூன்றிலாவது 10 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். அந்த மூன்றில் ஒன்று புவி வெப்பமாதலாக இருக்க வேண்டும். மற்ற எதுவும் 5 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கும் குறைந்தது 60 ஆண்டு ஆயுள் வைத்துக் கணக்கிட வேண்டும்.

இந்த 10 சதவீதம் பெரும்பாலும் கான்கிரீட்டிலும் கம்பியிலும்தான் ஒளிந்திருக்கிறது. சிமென்டின் மூலப்பொருளான கிளிங்கரை (சூளையில் சுட்டெடுக்கும் கட்டி) ஒரு டன் செய்யும்போது சுண்ணாம்புக்கல் சிதைவதால் மட்டுமே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். எரிபொருள் புகை தனி. பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேரலாம். இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்டில் 70 சதவீதம் வரைகூடக் கசடு சேர்க்க இடம் உண்டு. அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். ரெடிமிக்ஸ் வாங்கினால் ஆலையிலேயே சாம்பலோ கசடோ கலந்து தருவார்கள். மிக்ஸ் டிசைன் (கலவை விகித) தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தர்மபுரியில் ஒரு வேலையில் இதைச் சொன்னபோது மேஸ்திரி உடனே மறுத்தார். "அந்த சிமென்ட் மெதுவாத்தான் சார் இறுகும். சென்ட்ரிங் பலகையெல்லாம் மாட்டிக்கும்." அவர் சொன்னது நியாயம்தான். மேல்தளத்துக்கு அது உண்மையான சிக்கல். ஆனால் அஸ்திவாரத்தில் பக்கவாட்டுப் பலகை மட்டும்தானே, கீழே முட்டு இல்லையே? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் உட்கார வைத்துப் பேசி, மண்ணுக்குள் போகும் கான்கிரீட்டுக்குச் சாம்பல் கூடிய கலவை, தளங்களுக்கு வேறு கலவை என்று பிரித்தோம். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் காலத்தில் இப்படிப்பட்ட கலவைக்கு 14 நாள் நீராற்ற, இந்தியக் கான்கிரீட் தரமான ஐ.எஸ். 456 பரிந்துரைக்கிறது. தூணில் சுற்றிய சாக்கு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் ஊர் இது. டேங்கர் தண்ணீர் என்றாலும் 14 நாளும் ஊற்றியே ஆக வேண்டும். சாம்பல் கலவையைப் பாதியில் காயவிட்டால் பலம் வராது, கட்டடத்தின் ஆயுளும் குறையும்.

அடுத்து, உள்ளூர்ப் பொருள் என்றாலே பசுமை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கணக்குப் போட்டால் அப்படி வராது. கனரக லாரி ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஏறத்தாழ 100 கிராம் கரியமில வாயு விடுகிறது என்று வையுங்கள். 200 கிலோமீட்டருக்கு 20 கிலோ. ஒரு டன் ஓ.பி.சி. சிமென்டைத் தயாரிக்கவே 800, 900 கிலோ ஆகும்போது இது சின்னத் தொகை. அதனால் சிமென்டில் தூரத்தைவிட அது எந்தச் சிமென்ட் என்பதே முக்கியம். ஜல்லி, எம்-சாண்ட், கல் ஆகியவற்றில் நிலைமை வேறு. அவற்றின் தயாரிப்புப் பங்கு குறைவு, எடை அதிகம், அதனால் லாரிதான் பெரிய பங்கைப் பிடிக்கிறது. கிருஷ்ணகிரி மலையில் வெட்டிய கிரானைட் பெங்களூரு அருகே உள்ள ஜிகணிக்குப் போய் மெருகேறி, மறுபடி கிருஷ்ணகிரிக்கே தரைக்கு வந்தால் இரண்டு பயணத்தையும் எழுத வேண்டும். பில்லில் 'உள்ளூர்க் கல்' என்று ஒரே வரியாக இருக்கும், விசாரித்தால்தான் தெரியும்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது ஒப்பீட்டுக் கட்டடத்தை வேண்டுமென்றே பருமனாக்குவது. யாருமே போடாத கனத்தில் தளம், தேவைக்கு மேல் கம்பி என்று ஒரு கற்பனைக் கட்டடத்தைக் காட்டி, "நாங்கள் 10 சதவீதம் குறைத்தோம்" என்று எழுதிய ஒரு அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு மூட்டை சிமென்ட்கூடக் குறையவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. ஐரோப்பியத் தரவுத்தளத்தில் இருக்கும் செங்கல்லின் எண்ணை நம் சூளைச் செங்கல்லுக்கு அப்படியே போடுவதும் இதே ரகம். அங்கே எரிக்கும் எரிபொருள் வேறு, மின்சாரம் வேறு. நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயுவைச் சுமந்து வருகிறது.

சரி, எப்போது தொடங்குவது? மண் பரிசோதனை அறிக்கை வந்த வாரமே. தூண்களுக்கு இடையிலான தூரத்தை அப்போது மாற்றலாம், தளத்தின் கனத்தைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். வேலை ஆரம்பித்ததும் சைட் ஆபீசில் ஒரு ஃபைல் போடுங்கள். வருகிற ஒவ்வொரு லோடின் எடைச்சீட்டையும், அது எந்த ஊரில் ஏற்றியது என்பதையும் அன்றன்றே அதில் கோத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தச் சீட்டு கிடைக்காது.