காண்ட்ராக்டர் ஓடிப்போனால் பி.எஃப். பணம் யார் பொறுப்பு?

புது இயந்திரங்களைப் பொருத்தும் பதினொரு மாத வேலைக்குக் காண்ட்ராக்டர் மூலம் போன சிலர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். பதினொரு மாதமும் சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்திருக்கிறது, கணக்கில் ஏறியதோ நான்கு மாதப் பணம்தான். காண்ட்ராக்டரின் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. தொழிற்சாலை வாசலில் "நீங்கள் எங்கள் ஆட்களே இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பி.எஃப். அலுவலகத்தில் "காண்ட்ராக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

நிரந்தர ஆள் எடுக்காமல் தற்காலிக வேலையை வெளியே கொடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் வேலையோடு பொறுப்பும் வெளியே போய்விடாது. காண்ட்ராக்டர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது உங்கள் உழைப்பை வாங்கிக்கொண்ட கம்பெனி, கட்டியாக வேண்டும். வாசலில் சொன்ன பதில் சட்டத்தின் முன் செல்லாது.

"புராஜெக்ட் ஆட்களுக்கு பி.எஃப். கிடையாது" என்பது அடிக்கடி கேட்கும் பொய். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல் நாளிலிருந்தே பி.எஃப். உண்டு. காண்ட்ராக்டரிடம் எட்டுப் பேர்தான் என்றாலும், அந்தக் கம்பெனியின் வேலைக்கு வந்தவர்கள் அதன் ஆள்கணக்கில் சேர்வார்கள். ஏற்கெனவே பி.எஃப். கணக்கு உள்ளவரைச் சம்பளம் கூடுதல் என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது. "எனக்கு பி.எஃப். வேண்டாம்" என்று கையெழுத்து வாங்குவார்கள். 15,000 வரம்புக்குள் இருப்பவரிடம் வாங்கிய அந்தத் தாள் செல்லாது. ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம்.

படித்தவர்களுக்கு வேறு வலை. சம்பளம் என்று எழுதாமல் 'தொழில்முறைக் கட்டணம்' என்று எழுதி, 10 சதவீதம் வரி பிடித்துக் கொடுப்பார்கள். தினமும் வருகைப் பதிவு, மேலாளர் கட்டளை, விடுப்புக்கு அனுமதி எல்லாம் இருந்தும் காகிதத்தில் மட்டும் நீங்கள் 'ஆலோசகர்', அதனால் பி.எஃப். கிடையாது என்பார்கள். இதை எதிர்த்துக் கேட்க நாளாகும். வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று 12 சதவீதம் பிடித்தால் சரி. 24 சதவீதம் பிடித்தால், முதலாளியின் பங்கையும் உங்கள் தலையிலேயே கட்டுகிறார்கள். கைக்கு வரும் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. பி.எஃப். கணக்கின் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதப் பணம் ஏறாவிட்டால் அப்போதே கேளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்க ஆளிருக்காது.

அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை செய்தீர்கள் என்று காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலானவர்களிடம் ஒன்றுமே இல்லை. கடைசி நாளன்று கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். முன்பே அதைப் படம் எடுத்து வையுங்கள். வருகைப் பதிவேட்டுப் பக்கம், கம்பெனி மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கில் கூலி ஏறிய விவரம் எல்லாம் உதவும்.

வேலையிடத்தில் அடிபட்டால் "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்" என்பார் மேஸ்திரி. சொல்லாதீர்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, வேலையில் நேர்ந்த விபத்துக்கான ஈட்டுத்தொகைக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மருத்துவமனைச் சீட்டில் 'வீட்டில்' என்று ஏறிவிட்டால், பிறகு அதை மாற்றுவதற்குள் கால் தேய்ந்துவிடும்.

புகாரை பி.எஃப். இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் பதியலாம். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் பி.எஃப். அலுவலகம் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர்ப்பு முகாமிலும் நேரில் கொடுக்கலாம். காண்ட்ராக்டர் பெயரை மட்டும் எழுதினால் "முகவரியில் ஆள் இல்லை" என்று புகாரை முடித்துவிடுவார்கள். கம்பெனியின் பெயரையும் முகவரியையும் முதல் வரியிலேயே எழுதி, பாக்கியை முதன்மை வேலையளிப்பவரிடம் வசூலிக்கக் கேளுங்கள். மனுவை வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.