ஒரு ஓட்டைதானே சார்?

போன மாதம் ஒரு மிவான் அடுக்ககத்தில் (அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கான்கிரீட்டிலேயே வார்க்கும் முறை) தரைத்தள வீடு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். சமையலறைச் சிம்னிக் குழாய்க்காக கோர் கட்டிங் மெஷின் வைத்து 6 அங்குலத்துக்குச் சுவரைத் துளைத்திருந்தார்கள். வெளியே வந்த கான்கிரீட் உருளையை வீட்டுக்காரர் தூக்கிப் போடாமல் செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்திருந்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் வெட்டுப்பட்ட கம்பி முனைகள் புதுக்காசு மாதிரிப் பளபளத்தன. இரண்டு 12 எம்.எம்., ஒன்று 8 எம்.எம்.

"ஒரு ஓட்டைதானே சார்?" என்றார்.

எங்கே போட்ட ஓட்டை என்பதுதான் விஷயம். மிவான் வீட்டில் செங்கல் சுவர் கிடையாது, பெரும்பாலும் தூணும் கிடையாது, கான்கிரீட் சுவர்கள்தான் மொத்தக் கட்டடத்தையும் தாங்குகின்றன. பூகம்பத்தில் நிலம் பக்கவாட்டில் ஆடும்போது அந்தச் சுவர் நட்டுவைத்த கம்பம் போல வளையப் பார்க்கும். ஒரு முனை இழுபடும், மறுமுனை நசுங்கும், அடுத்த நொடி அப்படியே மாறும். இதில் அதிகம் அடிவாங்குவது சுவரின் அடிப்பகுதி. தடித்த கம்பியையும் அதைச் சுற்றிக் கட்டும் நெருக்கமான ரிங்கையும் அங்கே முனைகளில் வைப்பது அதனால்தான். இதே துளையை மேல்மாடியில் சுவரின் நடுவே போட்டிருந்தால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். இவர் போட்டது தரைத்தளத்தில், சுவர் முனையிலிருந்து ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை.

அப்போ கதவு, ஜன்னல்? அவை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக வந்தால் ஒரு சுவர் இரண்டாகிவிடும். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது திறப்புகளுக்கு இடையில் மிஞ்சும் குட்டை பீம்தான். 1964 அலாஸ்கா பூகம்பத்தில் ஆங்கரேஜ் நகரத்து 14 மாடி மெக்கின்லி கட்டடத்தில், மாடிக்கு மாடி இந்த பீம்கள் பெருக்கல் குறி போட்ட மாதிரி விரிசல் விட்டன. அப்புறம் நியூசிலாந்தில் பாவ்லே என்ற பொறியாளர் சோதனை செய்து, கம்பியையே பெருக்கல் குறி போலக் குறுக்காகக் கட்டினால் பீம் தாக்குப்பிடிக்கும் என்று காட்டினார். பூகம்பம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான நம் ஐஎஸ் 13920 விதியிலும் அது இருக்கிறது. சைட்டில் கம்பி கட்டும் பார் பெண்டருக்கு இது பிடிக்கவே பிடிக்காது, "இவ்வளவு கம்பிக்கு நடுவே கான்கிரீட் எப்படி சார் இறங்கும்?" என்பார். நியாயமான கேள்விதான், ஆனாலும் கட்டித்தான் ஆகவேண்டும்.

அதே விதி, திறப்பால் அறுபடும் கம்பிக்கு ஈடான கம்பியை அதன் ஓரங்களில் வைக்கச் சொல்கிறது. கட்டும்போது விட்ட ஜன்னலுக்கு அது இருக்கும். பிறகு மெஷின் வைத்து வெட்டியதற்கு எங்கிருந்து வரும்?

"சென்னையில் என்ன சார் பூகம்பம்?" என்று வீட்டுக்காரர் அடுத்து கேட்டார். 2002லேயே சென்னையை பூகம்ப அபாய வரைபடத்தில் 2ஆம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய 3க்கு ஏற்றிவிட்டார்கள் என்றேன்.

சுவரின் இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து ஆங்கர் போல்ட் அடித்துச் சரிசெய்ய ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். சிம்னி விலையைவிட அதற்குச் செலவு அதிகம். கிளம்பும்போது வெளியே நின்று அண்ணாந்து பார்த்தேன். அதே நேர்க்கோட்டில், மாடிக்கு ஒன்றாக, இன்னும் நான்கு சிம்னிக் குழாய்கள்.