வண்டிச் செலவைத் தனி வரியாக எழுதுங்கள்

ஊட்டியில் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். "மாசம் பூரா வேலை இருந்துச்சு சார், கையில ஒண்ணும் நிக்கலை" என்றார். ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த பெட்ரோல் பில்களை மேசையில் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கூடலூர் வேலைக்குப் போட்டவை. அவர் வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில்லிலோ வண்டிச் செலவு என்று ஒரு வரிகூட இல்லை.

கூடலூர் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மேகம் இறங்கிவிட்டால் ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போக வர நாலு மணி. அவருடைய கூலி எட்டு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். ஒவ்வொரு தடவையும் 600 ரூபாய் நேரம் ரோட்டிலேயே போயிருக்கிறது, பெட்ரோல் தனி. ஏற்றத்தில் ரெண்டாவது கியரைத் தாண்டாத வண்டி எவ்வளவு குடிக்கும், இறக்கத்தில் பிரேக் எப்படித் தேயும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, நேரத்துக்கும் காசு கேளுங்கள். முழுக் கூலி கேட்கக் கூச்சமாக இருந்தால் பாதியாவது கேளுங்கள். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிட வேண்டும்; முடிந்தபின் சேர்த்தால் சண்டைதான். மசினகுடி என்றால் எந்த வழி என்றும் எழுதுங்கள். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி வழி சுமார் 30 கிலோமீட்டர். அதை அடைத்து, கூடலூர் சுற்றிப் போகச் சொன்னால் ரெண்டு மடங்குக்கு மேல். ஆள் வீட்டில் இல்லாமல் திரும்பி வந்தால் அந்த வெறும் நடைக்கும் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரே நாளில் ரெண்டு வீட்டு வேலை பார்த்தால் செலவைப் பிரித்துப் போடுங்கள். ரெண்டு பேரிடமும் முழுசாக வாங்குவது நியாயமில்லை.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வேலைக்காக நீங்கள் போய்வந்த செலவைத் தனி வரியில் காட்டினாலும் அது வேலையின் விலையில் சேர்ந்ததுதான், அதற்கும் வரி உண்டு. வாடிக்கையாளர் கேட்டதால் அவர் பெயரில் நீங்கள் கட்டிய மின்வாரியக் கட்டணம் போன்றது வேறு. ரசீதை வைத்து, கட்டிய தொகையை மட்டும் தனியாகக் காட்டி வாங்கினால் அதற்கு வரி சேர்க்க வேண்டாம்.

அந்த எலக்ட்ரீஷியன் இப்போது கிளம்புமுன் வாட்ஸப்பில் அனுப்புவது இது: "கூடலூர் வந்து போக பெட்ரோல், தேய்மானம் 350. பயண நேரம் 4 மணிக்கு 300. மொத்தம் 650, வேலைக் கூலி தனி. சரின்னா நாளைக்குக் காலையில 7 மணிக்குக் கிளம்புறேன் சார்."