கியர் ஆயில் மோர் மாதிரி வந்தால்

போன மாதம் கடியப்பட்டணத்திலிருந்து ஓர் அண்ணன் ஆட்டோவில் படகு மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார். 9.9 குதிரைச் சக்தி, மண்ணெண்ணெயில் ஓடுவது. "தம்பி, ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. ஆயில மட்டும் மாத்தி விடு. ரெண்டு மாசம் முன்னாலதான் மாத்துனேன், திரும்பவும் மோர் கணக்கா வருது" என்றார்.

மோர் கணக்காக வருகிறது என்றால், மோட்டாரின் அடியில் தண்ணீருக்குள் நிற்கிற கியர் பெட்டிக்குள் கடல் ஏறியிருக்கிறது. ஏறிய வழியைக் கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஆயில் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஆயிலை வடிக்கும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடலிலிருந்து வந்த சூட்டோடு திறந்தால் தண்ணீரும் ஆயிலும் அடித்துக் கலந்து வெள்ளையாக வரும். எவ்வளவு தண்ணீர் என்று கணக்குத் தெரியாது. மோட்டாரை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். காலையில் கியர் பெட்டியின் மேல் ஸ்க்ரூவைத் தொடாமல், அடி ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அடியில் இறங்கி நிற்கும், அதுதான் முதலில் சொட்டும். அண்ணனின் மோட்டாரில் ஒரு டீ கிளாஸில் கால்வாசிக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் ஆயில் தலைகாட்டியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கறுப்பாக வந்தால் உடனே பதற வேண்டாம். நாள்பட்ட ஆயில் கறுக்கத்தான் செய்யும். கியர் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போதே ஒரு கந்தக வாடை உண்டு, அதைக் கருகல் என்று நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையான கருகல் மூக்கில் ஏறும். ஆயில் குறைந்து சூடேறியதற்கு அது அடையாளம்.

அப்புறம் இரும்புத்தூள். பல மோட்டார்களில் அடி ஸ்க்ரூவின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் விபூதியைக் குழைத்துப் பூசிய மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம்தான், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்துகிற சில்லு ஒன்று கிடைத்தாலும் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது கியர் போடும்போது கொக்கி மாதிரி மாட்டுகிற பல்லின் முனை. மெதுவாகப் போட்டால் மோட்டாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாகப் போட்டால்தான் பல் நறநறவென்று தேயும். வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, தயங்காமல் ஒரே போடாகப் போடுங்கள்.

சரி, தண்ணீர் எப்படி ஏறுகிறது? ஓடும்போது கியர் பெட்டி சூடாகி உள்ளே இருக்கிற காற்று விரியும். வலை போட நிறுத்தியதும் கடல் தண்ணீரில் அது சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது சீலில், அதாவது சுழலும் ஷாஃப்டைச் (தண்டை) சுற்றித் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தில், மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

நம் பக்கம் சீலைக் கெடுப்பதில் முதல் இடம் தங்கூசிக்குத்தான், அதுதான் மீன்பிடிக்கிற நைலான் நரம்பு. அண்ணனின் புரொப்பல்லரைக் கழற்றியபோது, வாஷருக்குப் பின்னால் ஷாஃப்டில் தங்கூசி சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, பச்சை வளையல் மாதிரி இறுகிக் கிடந்தது. கத்தியால் கீறித்தான் எடுத்தேன். அதன் விளிம்பு சீலின் உதட்டை அறுத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நூலும் தெரியாது. மாதம் ஒரு தடவை புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. கரையேற்றும்போது மோட்டாரைத் தூக்கத் தாமதித்து மணலில் உழுதால் அந்த மணலும் இதே இடத்தில்தான் போய் உட்காரும்.

சீலை மாற்றினால் முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மோட்டாருக்குப் புது சீல் போட்டு அனுப்பினேன்; மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பழைய சீல் ஷாஃப்டில் உராய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது, புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் முதலில் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் அந்தப் பள்ளத்துக்கு ஒரு வழி பண்ணாமல் சீல் போட மாட்டேன்.

தண்ணீர் பம்புக்கு அடியில் ஒரு சீல் இருக்கிறது, கியர் கம்பிக்கு ஒன்று இருக்கிறது. எது கசிகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆயிலை வடித்துவிட்டு மேல் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, பெட்டியைத் தண்ணீர் டிரம்மில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும். அழுத்தம் 10 பவுண்டு சுமாருக்குப் போதும். கூட ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். சில நேரம் குற்றவாளி ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிற சின்ன வாஷராகவே இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

நிரப்பும்போது மேல் ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு அடித் துளை வழியாகவே ஏற்றுங்கள். மேல் துளையில் ஆயில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூ, பிறகு அடி ஸ்க்ரூ. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி, நிறைந்த மாதிரி ஏமாற்றும். 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது கணக்கு.

ஆனி, ஆடியில் கடல் அடிக்கிற நாட்களில் மோட்டாரைக் கழற்றி வீட்டில் வைப்பவர்கள், வைக்கிற அன்றே ஆயிலைப் பாருங்கள். தண்ணீர் ஏறிய ஆயிலோடு சும்மா கிடந்தால், ஆவணியில் இறக்கும்போது பேரிங் துருப்பிடித்துக் கரகரக்கும்.

போனில் படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயிலைக் கண்ணாடிக் கிளாஸில் பிடித்து, வெயிலில் வைத்துப் படம் எடுங்கள். ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினால் எல்லார் வீட்டு ஆயிலும் கறுப்பாகத்தான் தெரிகிறது.