கோடு இறங்கினால் ஆளும் இறங்குகிறாரா?

கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டேன். செங்குத்து அச்சில் கதவிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது, கிடை அச்சில் நேரம். கோடு ஏறியது, கொஞ்சம் மட்டமாகப் போனது, பிறகு இறங்கி அச்சைத் தொட்டது. "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"மேட்டில் ஏறுகிறார், உச்சியில் நடக்கிறார், அப்புறம் கீழே இறங்குகிறார் சார்."

சொன்னவன் மந்தமான மாணவன் இல்லை. இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறார். வாய்விட்டுச் சொல்லாதவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணும் கோடும் எதைச் சொல்கின்றன என்று பார்க்காத இந்தக் கோளாறு வரைபடப் பாடத்தில் தொடங்குவதில்லை, அளவீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சாதாரண அளவுகோலால் ஒரு பென்சிலை மூன்று பேர் அளந்தார்கள். 14.2, 14.3, 14.2 சென்டிமீட்டர். சராசரி கேட்டால் கால்குலேட்டர் காட்டிய 14.233333 அப்படியே நோட்டில் ஏறுகிறது. அந்த அளவுகோலின் மீச்சிற்றளவே, அதாவது அதால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவே, ஒரு மில்லிமீட்டர்தான். நோட்டிலோ மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு வரை பேசுகிறது! 14.2 என்று எழுதச் சொன்னால், "மீதியை ஏன் சார் விடணும்?" என்று கேட்கிறார்கள். முக்கிய எண்ணுருக்களின் (அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்களின்) விதிகளை ஒப்பிக்கச் சொல்வதைவிட, இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசலில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஒரு மீட்டர் நீள ஊசல் 20 முறை அலைய ஏறக்குறைய 40 விநாடி ஆகும். ஒரு குழுவுக்கு 38 வந்தது. அருகில் நின்று பார்த்தேன். குண்டை விட்டு ஸ்டாப் வாட்சை அழுத்திய நொடியிலேயே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினாள் ஒருத்தி. "சுழி" என்று தொடங்கியிருக்க வேண்டும். அவர்கள் எண்ணியது 20, ஊசல் அலைந்தது 19. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 பக்கம் வருகிறது. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு உறைத்தது. விடை 9.8 என்று தெரியுமே, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தைத் திருத்திவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 9.8 வந்தால் முழு மதிப்பெண், 10.9 வந்தால் சிவப்பு மை என்று பழக்கியவர்கள் நாம்தான். இப்போது 10.9 எழுதிவிட்டு, எங்கே தவறியது என்று கண்டுபிடித்து இரண்டு வரி எழுதுபவருக்கே முழு மதிப்பெண் போடுகிறேன்.

எண்ணை இப்படிக் கையாள்பவர்கள்தான் அதை வரைபடத்தாளுக்குக் கொண்டுபோகிறார்கள். புள்ளிகளை ரம்பப்பல் மாதிரி ஒவ்வொன்றாக இணைப்பார்கள். ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை உண்டு, புள்ளிகளுக்கு நடுவே போகும் பொருத்தமான கோடுதான் நமக்கு வேண்டும் என்பது, அளந்தபோதே பிழையை உணர்ந்தவருக்குச் சொல்லாமலே புரியும்.

சரி, அந்த மேட்டுக்கு வருவோம். தரையில் மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, வரைபடத்தைக் கொடுத்து, அதன்படி நடக்கச் சொல்கிறேன். ஒருவர் சத்தமாக விநாடி எண்ணுவார். கோடு ஏறும்போது கதவைவிட்டு விலகிப் போகிறார்கள். மட்டமான பகுதி வந்ததும் பலர் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள், உடனே வகுப்பே "நில்லு, நில்லு" என்று கத்தும். இறங்கும் பகுதியில் கால் தயங்கும், அப்புறம் திரும்பிக் கதவை நோக்கி வரும். சாய்வு செங்குத்தாக ஆக நடை வேகமாக வேண்டும் என்பதைக் காலே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டு பேரின் தூரக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் படம் அடுத்தது. வெட்டும் இடத்தில் இருவருக்கும் ஒரே வேகம் என்பார்கள். மாணவர்கள் இயற்பியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ட்ரோபிரிட்ஜ், மெக்டெர்மாட் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே குழப்பம் பதிவாகியிருக்கிறது, அதுவும் கல்லூரி மாணவர்களிடம். ஒரு பந்து இன்னொன்றை முந்தும் கணத்தில் இரண்டின் வேகமும் சமம் என்று பலர் நினைத்தார்கள். நடக்க வைத்தால், ஒருவர் மற்றவரைக் கடந்துபோகும் கணம்தான் அது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகு, அதே மேட்டை அழிக்காமல் செங்குத்து அச்சின் பெயரை மட்டும் "திசைவேகம்" என்று மாற்றுகிறேன். மறுபடி குழப்பம். மட்டமான பகுதியில் இப்போது நிற்கக் கூடாது, சீராக நடக்க வேண்டும். இறங்கும் பகுதியில் திரும்பி வரக் கூடாது, அதே திசையில் போய்க்கொண்டே மெதுவாகி நிற்க வேண்டும். இதற்கு ஒரு முழு வகுப்பு போய்விடும். பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில், போகட்டும் என்பதுதான்.

போன முறை, மாணவர்களையே வரைபடம் போட்டு நண்பரை நடக்கவைக்கச் சொன்னேன். ஒரு பெண் தூர வரைபடத்தில் நேர் செங்குத்தாக ஒரு கோடு இழுத்துத் தோழியிடம் நீட்டினாள். தோழி தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அசையவே இல்லை. "சார், ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் எப்படி நிக்கிறது?"

வரைந்தவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரப்பரைத் தேடினாள்.