கையில் இருப்பது பெயர், ஏடு கேட்பது எண்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆவணங்களோடு பல ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு, ஆவணக் காப்பக வாசிப்பறை வாசலில் நடக்கும் முதல் பத்து நிமிடப் பேச்சுதான் அன்றைய தேடலின் தலைவிதியை முடிவு செய்கிறது என்று தோன்றுகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு வழி தெரியும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, டர்பன் அமைந்த நேட்டால் பகுதியில் இறங்கிய 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களில் தம் பூட்டன் யார் என்று தேடி வரும் குடும்பத்தினர்தாம் திணறுகிறார்கள்.

அவர்கள் சொல்வது இன்றைய குடும்பப் பெயர். கப்பல் பட்டியலிலோ, வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட தனி எண்ணான காலனி எண்ணை அடுத்து ஒற்றைப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உயரம், உடல் அடையாளம் என்ற கட்டங்களே உள்ளன. முனுசாமி ஆங்கில எழுத்தில் மூன்சாமியாகவும், கவுண்டர் கோவெண்டராகவும் உருமாறிவிட்ட பிறகு, பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் கதைதான்.

முன்பு நான் இருந்த ஒரு வாசிப்பறைக்குச் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பையை லாக்கரில் வைக்கவும், பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் எடுக்கவும், சீட்டு நிரப்பவும் சொன்னேனே தவிர, பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. மாலை வரை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கிளம்பும்போது அவர் எடுத்துக் காட்டிய தகப்பனாரின் பழைய பிறப்புச் சான்றிதழில், பெற்றோரின் காலனி எண்கள் தெளிவாக இருந்தன. எங்கள் விதியே சாவியைப் பூட்டி வைத்திருந்தது.

அதன்பின் பை லாக்கருக்குள் போகும் முன்பே, வெளி மேசையில் உட்காரவைத்து, வீட்டுக் காகிதங்களைப் பார்த்துவிடுகிறேன். கட்டங்களின் பொருளை விளக்கும் மாதிரிப் பக்கம் ஒன்றும், பூதக்கண்ணாடியும், ஏட்டின் முதுகு முறியாதபடி தாங்கும் நுரைத்தாங்கியும் மேசையில் உண்டு. கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும். சாதிக் கட்டத்தைப் பிறர் முன்னிலையில் உரக்கப் படிப்பதில்லை. சிலருக்கு அது கூச்சம், சிலருக்கு அதிர்ச்சி. உடல் அடையாளக் கட்டத்தில் முழங்கால் தழும்பு ஒன்றைக் கண்டு பேச்சற்றுப் போனவர்களை அவசரப்படுத்துவதும் இல்லை.

வருவதாக இருந்தால் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், ஏடுகளை எடுத்துவைக்க நேரம் வேண்டும். பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கொண்டு வாருங்கள். பென்சில் நாங்கள் தருகிறோம்.